பழைய வீடும் சூட்டுச் செலவும்: யன்னலை மாற்றுவதற்கு முன் சுவரைப் பாருங்கள்



ஒக்டோபர் பிறந்து, யூலன்ட் பக்கத்து மேல்காற்று வீட்டு மூலையில் ஊளையிடத் தொடங்கியதும் நம் வீடுகளில் ஒரே கதைதான். "இந்த முறை ஹீற்றிங் பில் எவ்வளவு வரப்போகுதோ?" முன்பு கொம்யூன் கொடுத்த அடுக்குமாடி வீட்டில் இருந்தபோது இந்தக் கவலை இவ்வளவு இருந்ததில்லை. மேல்வீடும் கீழ்வீடும் பக்கத்து வீடும் நமக்குச் சூடு தந்தன. பிறகு ஹேர்னிங், ஹொல்ஸ்ரெப்ரோ, பிரண்டா, வைல, கிறின்ஸ்ரெட் என்று பல ஊர்களில் நம்மவர்கள் சொந்த வீடு வாங்கினார்கள். கைக்கு எட்டிய விலைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பழைய செங்கல் வீடுகள். நல்ல காணி, பிள்ளைகளுக்கு அறைகள், கறிவேப்பிலைச் சாடி வைக்க ஒரு கண்ணாடி அறை, எல்லாம் சரி. ஆனால் அந்த வீட்டின் நான்கு சுவரும் கூரையும் நிலமும் குளிரைத் தனியாகத் தாங்க வேண்டும். எரியும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் பணம் கட்டுவது நாம்.

வீட்டுக்கு வெப்பக் காப்புப் போடுவதைப் பற்றி, டெனிஷ்காரர் 'இசொலேறிங்' என்று சொல்வதைப் பற்றி, இம்மாதம் பேசுவோம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் வீடு திருத்தப் பணம் சேர்ந்ததும் முதலில் செய்வது யன்னல் மாற்றுவது. புது யன்னல் கண்ணுக்குத் தெரியும், வருகிறவர்கள் பார்ப்பார்கள், வீட்டுக்கு ஒரு களை வரும். ஆனால் பழைய செங்கல் வீட்டில் பணம் வெளியே ஓடும் பெரிய வழி பலவேளை யன்னல் அல்ல. கண்ணுக்குத் தெரியாத சுவரின் நடுப்பகுதிதான்.

சுவருக்குள் ஒரு வெற்றிடம்

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை நினைத்துப் பாருங்கள். நடுவில் முற்றம், சுவரின் மேற்பகுதியில் காற்றுத் துவாரம், உயர்ந்த ஓட்டுக் கூரை. சூடு வெளியே போகட்டும் என்பதற்காகவே கட்டிய வீடு. இங்கே தேவை நேர் எதிரானது. ஆனால் இங்கும் பழைய காலத்து மேசன்மார் சூட்டைப் பிடித்து வைப்பதை முதன்மையாக நினைத்துக் கட்டவில்லை. நிலக்கரியும் பிறகு எண்ணெயும் மலிவாக இருந்தன. மழை ஈரம் உள்ளே வராமல் இருப்பதுதான் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது.

அதற்காக அவர்கள் இரட்டைச் சுவர் கட்டினார்கள். வெளியே ஒரு செங்கல் சுவர், உள்ளே ஒரு செங்கல் சுவர், நடுவில் ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர் வெற்றிடம். இதைத்தான் 'ஹூல்மூர்' என்கிறார்கள். மழையில் நனைவது வெளிச்சுவர் மட்டும். உட்சுவர் காய்ந்தே இருக்கும். நல்ல யோசனைதான். ஆனால் அந்த வெற்றிடத்தில் காற்று சும்மா நிற்பதில்லை. உட்சுவரில் சூடாகி மேலே ஏறுகிறது, வெளிச்சுவரில் குளிர்ந்து கீழே இறங்குகிறது. இரவும் பகலும் நம் அறையின் சூட்டை வாளி வாளியாக அள்ளி வெளியே ஊற்றுவதைப் போன்றது இது.

சுடுதண்ணிப் போத்தலில் இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்றையே எடுத்துவிடுகிறார்கள். வீட்டில் அப்படிச் செய்ய முடியாது. காற்றை அசையாமல் கட்டிப்போடலாம். பஞ்சு போன்ற பொருளை அந்த இடைவெளியில் நிரப்பினால் காற்று சின்னச் சின்ன அறைகளில் அடைபட்டுப்போகும். கல்லை உருக்கி நூலாக இழுத்துச் செய்யும் கல்பஞ்சு இதற்குப் பேர்போனது. றொக்வூல் நிறுவனம் கொப்பன்ஹேகனுக்கு மேற்கே ஹெடஹூசன என்ற ஊரில் 1937இல் அதைச் செய்யத் தொடங்கியது. பழைய பத்திரிகைத் தாளை அரைத்துச் செய்த பஞ்சும் இருக்கிறது.

வேலை பெரிதல்ல. செங்கற்களுக்கு நடுவே உள்ள சாந்தில் வரிசையாகத் துளையிட்டு, குழாய் வைத்துப் பஞ்சை ஊதி நிரப்பி, துளையைத் திரும்பச் சாந்தால் அடைப்பார்கள். சாதாரண வீட்டுக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். வீட்டுக்குள் ஒரு கதிரையைக்கூட நகர்த்தத் தேவையில்லை.

கொஞ்சம் கணக்கு

சுவர், கூரை, யன்னல் எதுவானாலும் அது சூட்டைக் கடத்தும் அளவுக்கு ஓர் எண் உண்டு. அதை யூ மதிப்பு என்பார்கள். எண் சிறிதானால் நல்லது. டென்மார்க்கின் சராசரிக் குளிர்காலத்துக்கு அந்த எண்ணை 70ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒரு சதுர மீற்றர் வழியாக ஆண்டுக்கு எத்தனை கிலோவாற் மணி, அதாவது எத்தனை யூனிற், வெளியே போகிறது என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும்.

வெற்றுச் ஹூல்மூரின் யூ மதிப்பு 1.5 அளவில் இருக்கும். நிரப்பிய பிறகு 0.5 அளவுக்கு வரும். வித்தியாசம் 1. ஆகவே ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஆண்டுக்கு 70 யூனிற் மிச்சம். வெளிச்சுவர் 100 சதுர மீற்றர் என்றால் 7,000 யூனிற். ஒரு லீற்றர் எண்ணெயில் சுமார் 10 யூனிற் இருப்பதால் இது 700 லீற்றர் எண்ணெய். எரிவாயு என்றால் 640 கன மீற்றர் அளவில் வரும். 'ஃபியர்ன்வாம' எனப்படும் ஊர்ச் சூடு எடுப்பவர்களின் பில்லில் மெகாவாற் மணி என்று எழுதியிருக்கும். அதில் இது 7. உங்கள் பில்லில் உள்ள விலையால் பெருக்கிப் பாருங்கள். ஒரு யூனிற் ஒரு குறோணர் என்றே வைத்தாலும் ஆண்டுக்கு 7,000 குறோணர்.

இப்போது யன்னலைப் பாருங்கள். 1970களின் இரட்டைக் கண்ணாடிக்கு யூ மதிப்பு சுமார் 2.8. இன்றைய சக்திக் கண்ணாடிக்கு 1.1 அளவு. வித்தியாசம் 1.7 என்பது பெரிதாகத் தெரியும். ஆனால் ஒரு வீட்டில் கண்ணாடி 20 சதுர மீற்றர் அளவுதானே இருக்கும். பெருக்கினால் 2,400 யூனிற்றுக்குக் கிட்ட வரும். செலவோ சுவர் நிரப்புவதைவிடப் பல மடங்கு. மரச்சட்டம் உக்கிப்போயிருந்தால் யன்னலை மாற்றத்தான் வேண்டும், அது வேறு விடயம். சட்டம் நல்ல மரமாக இருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றலாம், அல்லது உட்பக்கம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் பொருத்தலாம். பழைய வீடுகளின் யன்னல் மரம் இப்போது கிடைப்பதைவிட உறுதியானது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

உங்கள் சுவர் எந்தச் சுவர்?

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது டென்மார்க் தன் சக்தித் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. அந்த ஆண்டு நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை. அதன் பின்பே வீடுகளுக்கான கட்டட விதி கடுமையாகியது. 1977ஆம் ஆண்டு விதிகள் 1979இல் நடைமுறைக்கு வந்தன. எனவே 1979க்குப் பிறகு கட்டிய வீட்டில் சுவர் வேலைக்கு அவசரமில்லை. 1960களிலும் 70களிலும் வரிசை வரிசையாக எழுந்த 'பார்செல்ஹூஸ்' வீடுகளில் சுவருக்குள் ஓரளவு பஞ்சு இருக்கலாம். 1960க்கு முந்திய செங்கல் வீடுகளில்தான், அதிலும் 1920, 30களின் 'மூரமெஸ்ரவிலா' வீடுகளில், வெற்றிடம் இருக்க வாய்ப்பு மிக அதிகம். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு முன்னைய சொந்தக்காரர் நிரப்பியிருக்கவும் கூடும்.

வீடு வாங்கும்போது தந்த 'எனர்கிமேர்க்க' அறிக்கையைத் தேடி எடுங்கள். பலர் அதில் உள்ள எழுத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஏயா, டீயா, ஜீயா என்று. எழுத்து முக்கியமல்ல, உள்ளே உள்ள பக்கங்கள்தான் முக்கியம். சுவர், கூரை, நிலம், குழாய் என்று ஒவ்வொன்றும் எப்படி இருக்கிறது, எதைச் செய்தால் எவ்வளவு மிச்சம் என்று எழுதியிருக்கும். டெனிஷ் கடினம் என்றால் பிள்ளைகளோடு இருந்து வாசியுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. சுவரைத் துளைத்துப் பார்க்காமல், வீட்டின் வயதை வைத்து 'இப்படி இருக்கலாம்' என்று அனுமானித்து எழுதுவதும் உண்டு. அப்படி எழுதியிருந்தால் அதை நம்பி வேலை கொடுக்கவும் கூடாது, கைவிடவும் கூடாது.

நீங்களே ஓரளவு பார்க்கலாம். யன்னல் அருகே சுவரின் தடிப்பை அளவுங்கள். 30 சென்ரிமீற்றர் அளவு என்றால் பெரும்பாலும் ஹூல்மூர். 23, 24 சென்ரிமீற்றர் என்றால் நடுவில் இடைவெளி இல்லாத முழுச் செங்கல் சுவராக இருக்கலாம், அதற்குள் எதையும் ஊத முடியாது. பிறகு, வேலைக்கு விலை சொல்ல வருபவரிடம் சுவரில் சிறு துளை போட்டு உள்ளே கமரா விட்டுக் காட்டச் சொல்லுங்கள். இடைவெளி வெறுமையா, உடைந்த சாந்து விழுந்து கிடக்கிறதா, இரண்டு சுவரையும் இணைப்பது கம்பியா செங்கல்லா என்று அதில் தெரியும். செங்கல்லால் இணைத்த பழைய சுவராக இருந்தால் அந்தச் செங்கற்கள் வழியே சூடு தொடர்ந்து ஓடும். அப்போது மேலே சொன்ன 70 யூனிற் கிடைக்காது. குறைவாகத்தான் கிடைக்கும், ஆனாலும் செய்யத் தக்கதே.

மேற்கு யூலன்டில் இருப்போர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கடற்பக்கத்து மழை காற்றோடு சேர்ந்து சுவரில் அடித்து, செங்கற்களுக்கு இடையிலான சாந்தைத் தின்றுவிடுகிறது. விரலால் சுரண்டினால் மணலாக உதிரும். நிரப்பிய பிறகு வெளிச்சுவருக்கு வீட்டுச் சூடு கிடைக்காது. அது முன்பைவிடக் குளிராகவும் ஈரமாகவும் இருக்கும். அந்த ஈரம் உறைபனியில் செங்கல்லை வெடிக்க வைக்கும். ஆகவே முதலில் சாந்து வேலை, பிறகுதான் பஞ்சு.

முழுச் செங்கல் சுவர்காரர்கள் உட்பக்கம் பஞ்சு வைத்துப் பலகை அடிக்கலாம் என்று நினைப்பார்கள். தயவுசெய்து அதைத் தாமாகச் செய்ய வேண்டாம். அறையின் ஈரக்காற்று பலகைக்குப் பின்னால் குளிர்ந்த செங்கல்லைத் தொட்டு நீராகும். இரண்டு மூன்று குளிர்காலத்தில் பலகைக்குப் பின்னால் முழுவதும் கறுத்துவிடும். வெளிப்பக்கம் போடுவதே பாதுகாப்பு. செலவு அதிகம்தான். அதனால் வெளிச்சுவரில் வேறு பெரிய வேலை வரும் ஆண்டில் சேர்த்துச் செய்வது புத்தி.

கூரைப் பக்கமும் குழாய்களும்

லொஃப்ற்றில் ஏறி ஓர் அளவுகோலைப் பஞ்சுக்குள் குத்திப் பாருங்கள். 10 சென்ரிமீற்றர்தான் இருக்கிறது என்றால் 30க்கு உயர்த்துவது பயன் தரும். 100 சதுர மீற்றருக்கு ஆண்டுக்கு சுமார் 1,700 யூனிற் மிச்சம். 5 சென்ரிமீற்றர்தான் என்றால் இன்னும் கூட. ஏற்கெனவே 20, 25 இருந்தால் பணத்தை வேறு இடத்தில் போடுங்கள். முதல் 10 சென்ரிமீற்றர் செய்யும் வேலையை மூன்றாவது 10 செய்யாது.

கைவேலை தெரிந்தவர்கள் இதைத் தாமே செய்யலாம். ஆனால் சீலிங்குக்கு மேலே, பஞ்சுக்குக் கீழே, ஈரக்காற்றைத் தடுக்கும் பிளாஸ்ரிக் தாள் ஓட்டையில்லாமல் இருக்க வேண்டும். டெனிஷில் 'டாம்ஸ்பேர' என்பது. அது எப்போதும் சூடான பக்கம்தான். கூரைத் தாழ்வாரத்தில் காற்று வரும் வழியைப் பஞ்சால் அடைக்கக் கூடாது, 5 சென்ரிமீற்றர் விடுங்கள். ஏறும் மூடியை மறக்காதீர்கள். சுற்றிவர 30 சென்ரிமீற்றர் பஞ்சு போட்டுவிட்டு நடுவில் வெறும் பலகை மூடியோடு விட்டால், சட்டிக்கு மூடி இல்லாத கதைதான்.

பழைய எத்தனிற் கூரைத் தகடும், கெல்லரில் பழைய குழாய்களைச் சுற்றிய வெள்ளைப் பூச்சும் அஸ்பெஸ்ரஸ் கலந்ததாக இருக்கலாம். 1990க்கு முந்தியது என்றால் அறுக்கவோ உடைக்கவோ துளைக்கவோ வேண்டாம். அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. அதற்கென்று பயிற்சி பெற்றவரை அழையுங்கள்.

கெல்லரில் வெறும் குழாய் சூடாக ஓடிக்கொண்டிருந்தால், கட்டடச் சாமான் கடையில் விற்கும் குழாய்ப் பஞ்சை வாங்கி ஒரு சனிக்கிழமை மாட்டிவிடலாம். சுடுநீரைச் சுற்றி ஓட்டும் பழைய பம்பையும் பாருங்கள். 60 வாற் என்று எழுதியிருந்து அது ஆண்டு முழுவதும் ஓடினால் 525 யூனிற் மின்சாரம். புதுப் பம்ப் அதில் சிறு பங்கைத்தான் எடுக்கும்.

காற்று எங்கே புகுகிறது என்று அறிய நம் வீட்டிலேயே நல்ல கருவி இருக்கிறது. காற்று வீசும் நாளில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி யன்னல், கதவு ஓரமாக மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை சாயும் இடத்தில் ஓட்டை. அங்கே றப்பர் பட்டி ஒட்டுங்கள். செலவு சில நூறு குறோணர்.

அடைத்த வீட்டில் அவியும் புட்டு

இனிச் சொல்வது நம் வீடுகளுக்கே உரியது. டெனிஷ் கையேடுகளில் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

நான்கு பேர் உள்ள சாதாரண வீட்டிலேயே மூச்சு, குளிப்பு, சமையல், உடுப்புக் காய்தல் என்று ஒரு நாளைக்கு 10 முதல் 15 லீற்றர் நீர் காற்றில் சேர்கிறது என்று இங்கே கணக்குச் சொல்கிறார்கள். நாம் காலையில் இடியப்பம் அவிக்கிறோம், மாலையில் புட்டு அவிக்கிறோம், சோறு கொதிக்கிறது, அம்மா அப்பாவும் கூட இருக்கிறார்கள், மழைக்காலத்தில் உடுப்பு முழுவதும் வீட்டுக்குள் காய்கிறது. பழைய ஓட்டை வீட்டில் இந்த ஈரம் தானாக வெளியே போனது. ஓட்டைகளை அடைத்த பிறகு போக வழியில்லை. அது வீட்டின் மிகக் குளிர்ந்த இடத்தைத் தேடிப்போய் உட்காரும். படுக்கை அறையின் வெளிச்சுவர் மூலை, அலுமாரிக்குப் பின்புறம், அடுக்கி வைத்த சூட்கேஸ்களுக்குப் பின்புறம். கூறைச்சேலையில் பூஞ்சண மணம் வந்த பிறகுதான் பலர் பார்க்கிறார்கள். பிள்ளைக்கு இழுப்பு இருந்தால் அந்த மூலை அதைக் கூட்டும்.

ஆகவே, காப்புப் போட்ட வீட்டில் காற்று மாற்றுவது கட்டாயம். யன்னலை நாள் முழுவதும் நீக்கலாக விடுவது பிழையான முறை, சுவர்தான் குளிரும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் எதிரெதிர் யன்னல்களை அகலத் திறந்து 5 முதல் 10 நிமிடம் விட்டு மூடுங்கள். ஈரக்காற்று போய்விடும், சுவரில் உள்ள சூடு இருக்கும். அடுப்புக்கு மேலுள்ள 'எம்ஹெற்ற' வெளியே குழாய் போகிறதா என்று பாருங்கள். கரிவடி மட்டும் உள்ளது மணத்தைப் பிடிக்கும், ஆவியைத் திரும்ப அறைக்குள் விடும். அலுமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஈரப்பதம் காட்டும் சிறு மீற்றர் ஒன்று வாங்குங்கள். குளிர்காலத்தில் அது 45 வீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது.

சூட்டை மிச்சம் பிடிக்கிறோம் என்று ஒரு அறையை மட்டும் 24 பாகையில் வைத்து, மற்ற அறைகளின் றேடியேற்றரைப் பூட்டிவிடுவோரும் உண்டு. நடுக்கதவு திறந்திருந்தால் சூடான ஈரக்காற்று குளிர்ந்த அறைக்குப் போய் அங்கே வியர்க்கும். ஊர்ச் சூடு எடுப்போருக்கு இதில் இன்னொரு நட்டம். ஒரே றேடியேற்றரில் தண்ணீர் வேகமாக ஓடி, சூடு ஆறாமலே நிலையத்துக்குத் திரும்புகிறது. திரும்பும் தண்ணீர் சூடாக இருந்தால் பல நிலையங்கள் அதற்கு மேலதிகக் கட்டணம் போடுகின்றன. எல்லா றேடியேற்றரையும் அளவாகத் திறந்து வைத்தால் தண்ணீர் மெதுவாக ஓடி நன்றாக ஆறும். றேடியேற்றரின் கீழ்ப்பகுதி கைக்கு ஆறியிருக்க வேண்டும், அதுவே சரி. அறைச் சூட்டை ஒரு பாகை குறைத்தால் செலவில் சுமார் 5 வீதம் குறையும். சுவர் சூடாக இருக்கும் வீட்டில் 21 பாகை போதும். குளிர்ந்த சுவருக்குப் பக்கத்தில் இருந்தால் 23 பாகையிலும் முதுகு கூதலடிக்கும்.

பணமும் ஒழுங்கும்

2022இல் உக்ரைன் போரோடு எரிவாயு விலை ஏறியதும், அரசு பல குடும்பங்களுக்கு 6,000 குறோணர் சூட்டு உதவி கொடுத்ததும் நினைவிருக்கும். அது ஒரு முறை வந்த பணம். அதே ஆண்டில் எண்ணெய், எரிவாயு வைத்திருக்கும் வீடுகளுக்கு, ஊர்ச் சூடு வருமா வராதா என்று கொம்யூன்கள் கடிதம் அனுப்பின. ஊர்ச் சூடு வராத இடங்களில் பலர் வெப்பப் பம்புக்கு மாறுகிறார்கள். அப்படி மாற நினைப்பவர்கள் சுவரையும் லொஃப்ற்றையும் முதலில் செய்யுங்கள். காப்புள்ள வீட்டுக்குச் சிறிய பம்ப் போதும், குறைந்த சூட்டுத் தண்ணீரே காணும், மின்சாரமும் குறையும். முதலில் பெரிய பம்பை வாங்கிவிட்டுப் பிறகு சுவரை நிரப்புவது, உடுப்புத் தைத்த பிறகு உடம்பை அளப்பதைப் போன்றது.

வீடு திருத்த அரசு தரும் உதவிப் பணம் அவ்வப்போது திறந்து, பணம் முடிந்ததும் மூடுகிறது. விதிகளும் மாறும். எனர்கிஸ்ரூறல்சனின் இணையத்தளத்தில் பார்க்கலாம். விண்ணப்பித்து, உதவி தருவதாகப் பதில் கடிதம் வருவதற்கு முன் வேலைக்குக் கையெழுத்து வைத்துவிட்டால் பணம் கிடைக்காமல் போகும். கதவைத் தட்டி "இன்றைக்குக் கையெழுத்து வைத்தால் மலிவு" என்று சொல்பவரை அனுப்பிவிடுங்கள். இரண்டு மூன்று இடத்தில் எழுத்தில் விலை வாங்குங்கள்.

வாடகை வீட்டில் இருப்போர் சுவரைத் தொட முடியாது. ஆனால் காற்று மாற்றுவதும், றேடியேற்றருக்கு முன்னால் செற்றியை நெருக்காமல் வைப்பதும் உங்கள் கையில். பூஞ்சணத்தைக் கண்டால் படம் எடுத்து, திகதியோடு வீட்டுச் சங்கத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். தொலைபேசியில் சொன்னது பிறகு நிற்காது.

வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் இன்றே மீற்றரைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். ஞாயிறு தோறும் ஒரே நேரத்தில். அடுத்த குளிர்காலத்தில் ஒப்பிடும்போது வெறும் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். ஒரு ஆண்டு குளிர் கூட, மறு ஆண்டு குறைய. அதற்காகத்தான் இங்கே 'கிறாடேய' என்ற குளிர்நாள் கணக்கு இருக்கிறது. சாதாரண ஆண்டுக்கு அது 2,900 அளவு. எரித்த யூனிற்றை அந்தக் காலத்துக் குளிர்நாள் எண்ணால் பிரித்து, வேலைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பாருங்கள். சுவர் உண்மையில் நிரம்பியதா, ஒரு பக்கம் விடுபட்டதா என்பதை அந்தக் கொப்பியே காட்டிவிடும்.